ஆளுக்கொரு சத்தம்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் என் போன் அடித்தால், கூப்பிடுவது யார் என்று எனக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரிந்துவிடும். குக்கர் விசில் என்றால் என் மனைவி. தலைக்கு மேல் விமானம் போகிற இரைச்சல் என்றால் சாங்கி விமான நிலையத்தில் எங்கள் சரக்கை இறக்கித் தரும் ஏஜெண்ட். லாரி ஹாரன் என்றால் டிரைவர். கோயில் மணி என்றால் கோயில் நிர்வாகத் தலைவர். கட்டையில் கத்தி விழுகிற சத்தம் என்றால் ஆட்டுக்கறிக் கடைக்காரர். இப்படி நாற்பது பேருக்கு மேல் இருப்பார்கள், ஆளுக்கொரு சத்தம். ஒன்றுகூட சினிமாப் பாட்டு கிடையாது. எல்லாம் நானே பதிவு செய்தவை. விமானச் சத்தத்துக்காகச் சாங்கிக் கடற்கரையில் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

நான் வாழை இலை, வெற்றிலை, மல்லிகைப்பூ, முருங்கைக்காய் வியாபாரி. அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் தலையில் பூக்கூடை சுமந்து ஆரம்பித்தேன். இன்று சிராங்கூன் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள், அவர்கள் இலை என் லாரியில் வந்ததாக இருக்கும். கிராஞ்சி தொழிலாளர் விடுதிகளில் பொங்கலன்று ஊழியர்கள் சாப்பிடுகிற இலையும் என்னுடையதுதான். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவது வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போனை எடுத்ததும் முதலில் பேசுகிறவன்தான் முதலாளி. இது என் கொள்கை. எதிராளி 'ஹலோ' சொல்வதற்கு முன்பே, "என்ன ஆட்டுக்கறி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா காலையிலேயே கூப்பிடுறீங்க?" என்று நான் ஆரம்பித்துவிடுவேன். அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். இத்தனை பெரிய வியாபாரத்தில் நம்மை ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று. என் கைகள் எந்நேரமும் ஈரமாக இருக்கும், கைநிறைய இலைக்கட்டு இருக்கும். போனை எடுத்துப் பார்க்க நேரம் ஏது? காது சொல்லும், விரல் அமுக்கும், வாய் பேசும்.

இதுவரை எழுதியது எல்லாருக்கும் தெரிந்தது. தெரியாத ஒன்று இருந்தது. என் போனில் இருக்கிற பெயர்களை என்னால் படிக்க முடியாது. நான் தமிழ்ப் பள்ளியில் சில வகுப்புகள் படித்துவிட்டுக் கூடை தூக்க வந்தவன். தமிழ் நன்றாக எழுதுவேன், செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பேன். மலாயில் பேரம் பேசுவேன், ஹொக்கியன் சீனத்தில் சண்டை போடுவேன், இங்கிலீஷில் பேசவும் செய்வேன். அந்த எழுத்துதான் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் பிடிபட்டதாகவே ஊர் நினைத்தது. முதலாளி என்றால் இங்கிலீஷ் தெரியும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன், ஆபீஸ் ஆள் படித்துக் காட்டுவார். என் மனைவிக்கும் மகனுக்கும்கூட இதுதான் கதை.

பிறகு எப்படி நாற்பது பேருக்குச் சத்தம் வைத்தேன்? அங்கேதான் என் மூளை. புதிதாக ஒருவர் பழக்கமானால், "கை ஈரமா இருக்கு, நீங்களே உங்க பேரையும் நம்பரையும் அடிச்சுடுங்க லா" என்று போனை நீட்டுவேன். அவர் அடித்து முடித்ததும் அந்தப் பெயர் அப்படியே திரையில் நிற்கும். அங்கிருந்து மேலே ஒரு தொடல், கீழே ஒரு தொடல், சத்தங்கள் வரும், புதிதாகப் பதிந்தது தலையில் இருக்கும். அதைத் தொட்டால் முடிந்தது. படிக்க வேண்டிய வேலையே இல்லை. ஒவ்வொருவராக, வருடக்கணக்கில் சேர்த்த கூட்டம் அது. நம்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். இந்தக் காலத்தில் யாருக்கு யார் நம்பர் தெரியும்? என் மனைவியின் நம்பர் எனக்குத் தெரியாது. விசில்தான் தெரியும்.

இந்த ஏற்பாட்டைத்தான் என் மகன் தீபாவளிப் பரிசு என்று சொல்லி உடைத்தான்.

புதுப் போன். பழையது உப்பிப்போய்விட்டது, எந்த நேரமும் வெடிக்கும் என்று சொல்லி அதைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தான். "எல்லாம் மாத்தியாச்சுப்பா. போட்டோ, நம்பர், மெசேஜ், ஒண்ணு விடல" என்றான். நானும் சந்தோஷமாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். மறுநாள் காலை மார்க்கெட்டில் போன் அடித்தது. கண்ணாடிக் குவளையில் யாரோ கரண்டியால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். யாருடைய போனோ என்று நின்றேன். கறிக்கடைக்காரர்தான், "அண்ணே, உங்க பாக்கெட்டு" என்றார்.

அன்று முழுக்க அதே கரண்டிதான். மனைவிக்கும் கரண்டி, ஏஜெண்டுக்கும் கரண்டி, டிரைவருக்கும் கரண்டி. மின்தூக்கியில் தவறான மாடியில் இறங்கிவிட்டால், நம் வீடு மாதிரியே வரிசையாகக் கதவுகள் இருக்கும், ஆனால் ஒன்றிலும் நம் சாவி நுழையாது. அப்படி நின்றேன் நான்.

டிரைவர் தாமதமாகிற நேரம். கரண்டி அடித்தது. எடுத்தேன். "எங்கடா சுத்திக்கிட்டிருக்க, கழுத! பூ வாடினா உன் தலையிலதான் வைப்பேன்!"

 எதிர்முனையிலிருந்து நிதானமாக, "நான் கோயில்லதான் இருக்கேன் தம்பி. என் தலையில வைக்க முடி இல்ல. சாமிக்கு அனுப்பினா போதும்" என்றார் நிர்வாகத் தலைவர்.

அவர் பெரிய மனிதர், சிரித்துவிட்டார். ஆனால் அவர் வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே எத்தனை பேரிடம் சொன்னாரோ, அந்த வாரம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் தலையைத் தடவிக்கொண்டே பேசினார்கள். அதன்பிறகு நான் போனை எடுத்தால் வாய் திறப்பதில்லை. எதிராளி பேசட்டும் என்று காத்திருந்தேன். அவர்களோ நான்தான் முதலில் பேசுவேன் என்று பழகியவர்கள், அவர்களும் காத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார்கள்.

மகன் கவனித்துவிட்டான். "ஏன்ப்பா கஸ்டமர் போனை எடுத்துட்டு சும்மா இருக்கீங்களாம்? உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றான். அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு ஆசை. கடை நம்பரை ஆபீசுக்கு மாற்றி, அங்கே ஒரு பெண்ணை உட்கார வைத்து, கணினியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். நான் விடவில்லை. அந்த நம்பர் என் கையில் இருக்கிறவரைதான் நான் வியாபாரி. அது போய்விட்டால் நான் மார்க்கெட்டுக்குக் கோப்பி குடிக்க வருகிற கிழவன். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அதனால்தான் அவன் மெதுவாகப் பேசினான். "கொஞ்ச நாள் பார்ப்போம்ப்பா. இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா மாத்திடலாம்."

நான் என் சத்தங்களைத் தேடக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கப்பல் பட்டறை, கட்டுமானம் என்று தீவு முழுக்க வேலை பார்க்கிற ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். போன் கடைக்காரர் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். முன்னால் கூட்டம் நெருக்கியது. நான் போனைக் கொடுத்து விவரம் சொன்னேன். அவர் நாலு தட்டுத் தட்டினார். "எங்கயும் போகல அங்கிள். எல்லாம் உள்ளதான் இருக்கு. ஆளுக்கும் சத்தத்துக்கும் இருந்த தொடுப்பு மட்டும் விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, சரிபார்க்க ஒவ்வொன்றாகப் போட்டார்.

விமானம் போனது. லாரி ஹாரன் அடித்ததும் வாசலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குக்கர் விசில் அடித்தபோது வரிசையில் இருந்த ஒருவன், "அண்ணே, ரெண்டு விசில் ஆயிருச்சு, எறக்கிரவா?" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். தொலைந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

"இனி ஈசி" என்றார் கடைக்காரர். "பேரைத் தொடுங்க, இந்தப் பென்சிலைத் தொடுங்க, கீழ வாங்க, ரிங்டோன். அந்த ஆளோட சத்தத்தைத் தொடுங்க. வீட்ல சாவகாசமா உக்காந்து போட்டுக்கங்க."

"நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன் தம்பி."

"நாப்பது பேருக்கா? பின்னாடி பாருங்க அங்கிள்." பார்த்தேன். வரிசை தெருவில் நின்றது. "உங்களுக்குத் தெரியாததா? போன விட்டுட்டுப் போங்க, புதன்கிழமை போட்டு வைக்கிறேன்."

போனை விட்டுவிட்டுப் போவதா? மூன்று நாள் சரக்கு யார் பார்ப்பது? பேர் படிக்கத் தெரியாது என்று அத்தனை பேர் நடுவில் சொல்வதா? அதில் பாதிப் பேர் என் இலையில் சாப்பிடுகிறவர்கள். போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சோபாவில் உட்கார்ந்தேன். மனைவி பக்கத்திலேயே சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைத் தொட்டால் அது ஒலித்துக் காட்டுகிறது, அது எனக்குத் தெரிந்தது. பேரைத் தொட்டால் அது ஒன்றும் சொல்வதில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போனைத் தமிழுக்கு மாற்றிப் பார்த்தேன். அமைப்புகள், சேமிப்பகம், அனுமதிகள் என்று அரசாங்கக் கடிதம் மாதிரி என்னென்னமோ வந்தது. பேர்கள் மட்டும் அப்படியே இங்கிலீஷில் நின்றன. அவரவர் கையாலேயே அடித்தவை அல்லவா, மனைவியுடையதை மட்டும் மகன் அடித்தான்.

"என்னங்க, ஒரே விசிலா அடிக்குது?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. சத்தம் போட்டுக்கிட்டிருக்கேன்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் போடறீங்க?" கொஞ்ச நேரம் கழித்து, "மகனைக் கூப்பிடவா?" என்றாள்.

"எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியாதது உண்டா! எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நான் ஊருக்கே சொல்லிட்டுத் திரியறேன். நீங்க படிச்சவரு, உக்காந்து படிங்க."

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அங்கே உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பேரின் நீளத்தைப் பார்ப்பது. கோயில் தலைவருக்குப் பட்டம், முன்னெழுத்து எல்லாம் சேர்த்துப் பெரிய பேர். ஆகவே இருப்பதிலேயே நீளமானது அவர். அவருக்கு மணி. ஆட்டுக்கறிக்காரர் தன் பேரோடு கடைப் பேரையும் சேர்த்து அடித்தது ஞாபகம் இருந்தது, நடுவில் இடைவெளி விட்ட பேர். அவருக்குக் கத்தி. குட்டிப் பேர்கள் இரண்டு இருந்தன. ஒன்று என் வீடு, ஒன்று சாங்கி ஏஜெண்ட். எது எது? மேலே இருந்தது வீடாகத்தான் இருக்கும், வீட்டைக் கீழேயா வைப்பார்கள்? அதற்கு விசில், மற்றதற்கு விமானம். இப்படியே நாற்பதையும் முடித்தபோது மனைவி கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தாள். வியர்த்து ஒழுக வெளியே வந்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வார முடிவில் ஒரு கல்யாணம். மேடைக்கும் கூந்தலுக்கும் மல்லிகை முழுக்க நம்முடையது. பூப்பெட்டிகள் மதியம் விமானத்தில் வர வேண்டும். நான் மார்க்கெட்டில் இலை பிரித்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் அடித்தது. மனைவி இந்த நேரத்தில் கூப்பிட்டால் சாப்பாட்டுக்காகத்தான் இருக்கும். எடுத்தேன், நான்தானே முதலில் பேச வேண்டும்.

"நீ சாப்பிட்டுட்டுப் படுத்துக்க. நான் வர லேட்டாகும்." வைத்துவிட்டேன்.

மறுபடி விசில். "சொன்னேன்ல, படுன்னு!" வைத்துவிட்டேன். பிறகும் அடித்தது. நான் எடுக்கவில்லை.

விமானச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. கடைசியில் மகன்தான் நேரில் வந்து நின்றான், முகம் வெளுத்துப்போய். இறக்குமதித் தாளில் ஏதோ சரியில்லை என்று பூப்பெட்டிகளை நிறுத்திவைத்திருக்கிறார்கள். உடனே வாருங்கள் என்று சொல்ல ஏஜெண்ட் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். பெட்டிகள் குளிரறைக்கு வெளியே வெயில் காந்தலில் கிடந்து வாடிவிட்டன. கல்யாணப் பெண்ணின் தலைக்கு ஆர்க்கிட் பூ வைத்தார்கள். மல்லிகை இல்லாத தமிழ்க் கல்யாணம், என் பேரில்.

"சாப்பிட்டுட்டுப் படுத்துக்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களாமேப்பா" என்றான் மகன். "முதலாளி ஏன் திடீர்னு இவ்வளவு பாசமா பேசுறாருன்னு அவர் குழம்பிட்டாராம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவன் சிரிக்கவில்லை.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்தான். நம்பர் நாளை ஆபீசுக்குப் போகிறது, எனக்குப் புது நம்பர். "உங்ககிட்டதான் பேசணும்னு சில பேர் இருப்பாங்கல்ல, அவங்க உங்ககிட்டயே பேசட்டும். மத்தவங்களை நான் பாத்துக்கறேன். யார் யார் வேணுமோ, அவங்க பேர்ல நட்சத்திரம் போடுங்கப்பா. நான் அவங்களுக்குப் புது நம்பரைச் சொல்லிடறேன்." பட்டியலைத் திறந்து என் கையில் கொடுத்தான். அன்போடுதான் கொடுத்தான். அதுதான் தப்பிக்க வழியில்லாமல் பண்ணியது.

"கண்ணாடியை எங்கயோ..."

"தலையில இருக்குப்பா."

இருந்தது. கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டேன். எழுத்துகள் பெரிதாகவும் தெளிவாகவும் தெரிந்தன, அவ்வளவுதான். ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை. நான் கூடை சுமந்த நாளிலிருந்து சேர்த்த மனிதர்கள் அத்தனை பேரும் என் உள்ளங்கையில் இருக்கிறார்கள், ஒருவரும் முகம் காட்ட மாட்டேன் என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலு நட்சத்திரம் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். போட்டால் யார் போவார்கள், யார் நிற்பார்கள்? மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகன் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அது தோன்றியது. பேர் பேசாது. ஆள் பேசுவாரே!

"மனுஷங்களைக் கத்திரிக்காய் மாதிரிப் பொறுக்கறதா?" என்று குரலை உயர்த்தினேன். "ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் போடுவேன்." முதல் பேரைத் தொட்டு அழைத்தேன், ஸ்பீக்கரில்.

"அண்ணே, வணக்கம்! சொல்லுங்க!" ரேஸ் கோர்ஸ் சாலை சாப்பாட்டுக்கடைக்காரர். அந்தக் குரலை நான் தூக்கத்திலும் சொல்வேன்.

"சும்மாதான்யா. இலை எப்படி இருந்துச்சு?" பேசி முடித்து நட்சத்திரம் போட்டேன். மகனைப் பெருமையாகப் பார்த்தேன். அடுத்த பேரைத் தொட்டேன். பல் மருத்துவரின் கிளினிக் இன்று விடுமுறை என்று ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னாள். அது வேண்டாம். அடுத்தது வெற்றிலைக்கடை அம்மா. நட்சத்திரம். வேகம் வந்துவிட்டது எனக்கு. அடுத்த பேரைத் தொட்டேன்.

என் மகனின் கால்சட்டைப் பையில் போன் அடித்தது.

அவன் எடுத்துத் திரையைப் பார்த்தான். என் கையிலிருந்த போனைப் பார்த்தான். அதில் அவன் பேர்தான் இருக்கிறது, அவனே அடித்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் மகனின் பேரை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படித்துவிட்டு யாரும் தொட மாட்டார்கள். அவன் முகத்தில் அது மெதுவாக ஏறியதை நான் பார்த்தேன். இரண்டு போனும் அடித்துக்கொண்டே இருந்தன. எனக்கு எதை அமுக்கி நிறுத்துவது என்றுகூட மறந்துபோயிற்று.

"எதிர்ல உக்காந்திருக்கவனுக்கு எதுக்குங்க போன்?" என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"லைன் செக் பண்றாரும்மா" என்றான் மகன்.

எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் கையிலிருந்து போனை வாங்கினான். "உங்க சத்தமெல்லாம் எதுல வச்சிருக்கீங்க? ஒவ்வொண்ணா போடுறேன், யாருன்னு சொல்லுங்க." சொன்னேன். ஹாரன், டிரைவர். மணி, கோயில். விமானம், ஏஜெண்ட். அவன் பேரைத் தேடித் தேடிப் போட்டான். ஒரு இடத்தில் இரும்புக் கதவைச் சுருட்டித் தூக்குகிற சத்தம் வந்தது.

"இது யாருப்பா?"

"நீதான். கடை ஷட்டர். நீ தொறக்க வர்ற நேரத்துக்குத் தேக்காவே எழுந்து முடிச்சிருக்கும்."

"ஓகே லா, வாங்கிக்கறேன்" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது, "நம்பர் உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா" என்று செருப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

நம்பர் என்னிடம்தான் இருக்கிறது. விசில் வந்தால் மனைவிதான், விமானம் வந்தால் சாங்கிதான். நான்தான் முதலில் பேசுகிறேன். மார்க்கெட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் என் மகன் மாறிவிட்டான். என்னோடு எங்கே வந்தாலும் எழுத்து கண்ணில் பட்டால் வாய்விட்டுப் படிக்கிறான், தனக்குத்தானே படிப்பது போல. மின்தூக்கியில் நகர மன்றம் ஒட்டிய அறிவிப்பு, மருந்துச் சீட்டு, பேருந்தின் நெற்றியில் ஓடுகிற ஊர்ப்பேர், எல்லாம். மனைவி ஒருநாள், "ஏன்டா, சின்னப் பிள்ளை மாதிரிப் படிச்சுக்கிட்டே வர?" என்று கேட்டே விட்டாள். "பழக்கமாயிடுச்சும்மா" என்றான். நிறுத்துடா என்று எனக்குச் சொல்ல வேண்டும். சொன்னால், எதை என்று அவன் கேட்பான். அதை என்னால் சொல்ல முடியாது. அவனாலும் முடியாது என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் அந்த ரேஸ் கோர்ஸ் சாலைக் கடைக்குக் குடும்பமாகப் போனோம். அந்தக் கடையில் நான் இத்தனை வருடமாக மீன் தலைக் கறியைத் தவிர வேறு எதுவும் சாப்பிட்டதில்லை, கடை முதலாளிக்கே தெரியும். மகன் உணவுப் பட்டியலை விரித்து, சூப்பில் ஆரம்பித்து ஒன்று விடாமல் படித்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரிமாறுகிற பையன் பேனாவோடு நின்றான். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, எதைச் சாப்பிடலாம் என்று யோசிப்பவன் மாதிரி, பழச்சாறு வகைகள் முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.